சிரிப்புக்கு அஞ்சியா?

சிரித்துவிடுவார்களோ! - இந்த ஒரு சொல், தமிழ்நாட்டு இளைஞரின் வாய்க்குப் போட்டிருக்கும் பூட்டு சாதாரணப் பூட்டன்று. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவான். படிக்கச் சொன்னால் தடையின்றிப் படிப்பான். பொறியைக் கழற்றிக் காட்டு என்றால், கண்ணை மூடிக்கொண்டு கழற்றி, கழற்றியதை மீண்டும் பூட்டித் தருவான். ஆனால், "அதை ஆங்கிலத்தில் விளக்கு" என்று மேசைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டுவிட்டால் - அந்த நொடியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது! அறியாமையா? அல்ல, அல்ல! அறிந்ததைச் சொல்ல அச்சம். அச்சத்தின் காரணம், சொல்லில் பிழை நேர்ந்துவிடுமோ என்பதுகூட அன்று. பிழை நேர்ந்தால் எதிரே இருப்பவரின் இதழோரத்திலே ஒரு புன்னகை நெளியுமே, அந்தப் புன்னகைதான்!

இந்த அச்சத்தைப் பற்றி எண்ணுகிறபோது நெய்வேலி நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. 1930-களின் நடுவே, ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திலே நீருக்காகத் துளையிட, நீரோடு கரிய பொருளொன்றும் மேலே வந்தது. முந்திரியும் புன்செய்யுமாகக் கிடந்த மண்ணின் மதிப்பு மாறத் தொடங்கிற்று. 1956 நவம்பர் 14-இல் நிறுவனம் எழுந்தது. 1957 மே 20-இல் நேரு பெருமகனார் வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. எண்ணிட்ட வட்டங்களாகப் பிரித்து, நிழல்தரு மரங்கள் வரிசையாய் நிற்க, ஒரு நகரியமே உருவாயிற்று. அதிகாரியின் மகனும் அங்கே வளர்கிறான். நிரந்தரத் தொழிலாளியின் மகனும் வளர்கிறான். நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக் கூலியாய்ச் சுரங்கத்துக்குள் இறங்குகிறானே அந்தச் சிற்றூர்க்காரன், அவன் மகனும் மந்தாரக்குப்பத்துப் பக்கமிருந்து மிதிவண்டியில் வந்து அதே சாலையைக் கடந்து போகிறான். மூவரும் ஒருநாள் ஒரே மேசைக்கு முன்னே உட்கார வேண்டியவர்கள். மேசைக்கு அப்பாலிருப்பவர் கேட்கப்போவது ஆங்கிலத்தில்!

அந்த மூன்றாமவனும் அவன் தோழன் ஒருவனும் ஓர் உடன்பாடு செய்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம், மரநிழலில் நடந்தபடி, ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவது. இலக்கண நூல் வேண்டாம்; ஆசிரியர் வேண்டாம்; கட்டணம் கட்டும் வகுப்பு வேண்டாம். நீ எனக்குப் பேச்சுத்துணை, நான் உனக்குப் பேச்சுத்துணை. நேற்றுப் பார்த்த படம், இன்று தின்ற சோறு, நாளை எழுத வேண்டிய தேர்வு - எதுவாயினும் பேசுவது. எளிய ஏற்பாடு. ஆனால் இரண்டாம் நாளே அந்த எளிய ஏற்பாட்டைச் சுற்றி அறவினாக்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன.

முதல் வினாவை எழுப்புபவர், மொழிப்பற்று மிக்க பெரியவர். "தமிழன் ஒருவன், இன்னொரு தமிழனிடம், தமிழ் மண்ணில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பேசுவதா? பொய்க்கோலமன்றோ இது? அடிமை மனப்பான்மையன்றோ?" என்று கேட்கிறார். கேள்வியில் சினம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஆகவே விடையும் பணிவோடு தருவோம். ஐயா, இது கோலந்தான், மறுக்கவில்லை. ஆனால் பொய்க்கோலம் அன்று, ஒத்திகை. கண்ணகியாக நடிப்பதற்கு முன்னாள் மாலை ஒத்திகை பார்க்கும் நடிகையை, "கையிலே சிலம்பு வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறாள்" என்று எவரும் ஏசுவதில்லை. மேடை ஏறும் நாள் ஒன்று உண்டு என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் வீதிக்கு வந்ததும், 1968 சனவரியில் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமுமே போதும் என்று முடிவெடுத்ததும், ஆங்கிலத்தை அரியணையில் அமர்த்த அன்று. உலகத்துக்குச் செல்லும் சாளரம் ஒன்று நமக்குத் திறந்திருக்கட்டும் என்பதற்காக. சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு, அதன் வழியே எட்டிப் பார்ப்பவனை அடிமை என்று ஏசுவது முறையாகுமா?

பெரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். வீட்டிலே மனைவி மக்களோடுகூட ஆங்கிலம் பேசிப் பழகுங்கள் என்றார். அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை. பாட்டியிடம் கதை கேட்கும் நேரத்தை ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டால், பிறகு எந்த மொழியில் சொல்வதற்கும் கதையே இராது. ஆயினும் அவர் அதைச் சொன்ன காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே பெற்றவர் அவர். 1931 இறுதியில் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது, ஆங்கிலம் கற்ற எஸ். இராமநாதன் உடன் சென்றார். 1932-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் நிலக்கரிப் பகுதியிலே, மெக்ஸ்பரோ நகரில், தொழிலாளர் கூட்டத்திலே பெரியார் பேசினார். சுரங்கத் தொழிலாளிக்கு ஈரோட்டார் சொல்ல வேண்டிய செய்தி இருந்தது. அதை அவர்கள் செவியிலே சேர்ப்பதற்கு இடையிலே ஒரு மொழி வேண்டியிருந்தது. மொழி அவருக்கு வழிபடும் பொருளாகத் தோன்றவில்லை, கைக்கருவியாகவே தோன்றிற்று. கருவி கையில் இல்லாதவனுக்குத்தானே அதன் அருமை தெரியும்!

இரண்டாவது வினாவே என்னை வாட்டுவது. அதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, சிரிப்பினாலே கேட்கிறார்கள்.

தோழர் இருவரும் நடந்து போகிறார்கள். ஒருவன் 'ஸ்கூல்' என்று சொல்ல எண்ணி 'இஸ்கூல்' என்கிறான். எதிரே வந்த ஒருவர் - ஆங்கிலம் அறிந்தவர் - சிரிக்கிறார். பிள்ளையின் முகம் சிறுத்துப்போகிறது. மறுநாள் நடையைச் சாலையிலிருந்து சந்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். சில நாளில் நடையே நின்றுவிடுகிறது. இங்கே யார் நாண வேண்டும், தோழர்களே? 'இஸ்கூல்' என்றவனா, அதைக் கேட்டுச் சிரித்தவரா?

'இஸ்கூல்' என்ற சொல்லிலே மடமை எதுவும் இல்லை. தனிமெய் எழுத்து சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். ஈராயிரம் ஆண்டாக அந்த இலக்கணப்படி அசைந்த நாக்கு, இரண்டு மெய்கள் முட்டிக்கொண்டு முன்னே வரும் சொல்லைக் கண்டதும், வழக்கம்போல் ஓர் உயிரெழுத்தை முன்னே நிறுத்தி வரவேற்கிறது. 'ராமன்' வந்தபோது 'இராமன்' ஆக்கிற்று; 'ஸ்கூல்' வந்தபோது 'இஸ்கூல்' ஆக்கிற்று. முன்னதை எழுதியவர் புலவர்; பின்னதைச் சொன்னவன் முட்டாளா?

சரி, வெள்ளைக்காரரின் நாக்கு நம் சொல்லை என்ன பாடு படுத்திற்று? தூத்துக்குடியை 'டுட்டிகாரின்' ஆக்கிற்று. திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' ஆக்கிற்று. தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆயிற்று; தரங்கம்பாடி 'டிராங்க்பார்' ஆயிற்று. சிரித்தோமா நாம்? இல்லையே! ஊர்ப்பெயர்ப் பலகையிலே எழுதி வைத்தோம். இருப்பூர்தி நிலையத்திலே தொங்கவிட்டோம். அவர்கள் போன பிறகும் நம் பிள்ளைகளுக்கு அப்படியே உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தோம். ஆள்பவன் பிழைபட உரைத்தால் அது புதுப்பெயர்! ஆளப்படுபவன் பிழைபட உரைத்தால் அது நகைச்சுவை! எனில், சிரிப்பு பிழையைக் கண்டு பிறப்பதில்லை. பிழை செய்தவன் யார் என்பதைக் கண்டே பிறக்கிறது.

ஐரோப்பியர் தமிழ் பயின்ற வரலாறே இதற்குச் சான்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து மணலிலே எழுத்தெழுதிக் கற்றார். அவருக்குப் பேச்சுத்துணையாக நின்றவர் அழகப்பன் என்னும் தமிழர். 1812-இல் சென்னைக் கோட்டையிலே கல்லூரி ஒன்றைக் கம்பெனியார் அமைத்தனர். இளம் வெள்ளை அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்பிக்க முன்ஷிகள் அமர்த்தப்பட்டனர். மாணவன் நாளைக்குக் கலெக்டர் ஆகப்போகிறவன். ஆசிரியரோ சம்பளத்துக்கு அமர்ந்தவர். அந்த மாணவன் 'வாழைப்பழம்' என்பதற்கு என்ன சொல்லித் தொலைத்தாலும், முன்ஷி சிரித்திருப்பாரா? பொறுமையாகத் திருத்தியிருப்பார், மறுபடியும் திருத்தியிருப்பார். பொறுமை நம்மிடம் இல்லாத பண்டம் அன்று. மேலே உள்ளவனுக்கு மட்டும் எடுத்து வைத்திருந்தோம், அவ்வளவே.

இப்படிச் சொன்னால், "பிழையைப் பிழை என்று சொல்லக்கூடாதா?" என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும், சொல்லாமல் விடுவது அன்பாகாது. ஏதென்ஸ் நகரத்து டெமாஸ்தனிஸ் கதையை நம் மேடைகளிலே பலமுறை கேட்டிருக்கிறோம் - திக்குவாய், கூழாங்கல், கடற்கரை, இறுதியில் நாவேந்தன்! அந்தக் கதையிலே நம் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். அவையிலே இகழப்பட்டு, தலையை மூடிக்கொண்டு வீடு நோக்கி நடந்த டெமாஸ்தனிசைப் பின்தொடர்ந்தான் சாடிரஸ் என்ற நடிகன். இகழ்ந்தவர்களைக் குறைகூறி ஆறுதல் சொல்லவில்லை. "உன்னால் ஆகாது" என்று அறிவுரை கூறவுமில்லை. நாடகப் பகுதி ஒன்றைச் சொல்லும்படி கேட்டான். சொன்னதும், அதே பகுதியைத் தான் திருப்பிச் சொல்லிக் காட்டினான் - ஏற்ற குரலோடு, ஏற்ற மெய்ப்பாட்டோடு. டெமாஸ்தனிசுக்கு அது வேறு பாடலாகவே தோன்றிற்றாம்! கூழாங்கல்லும் கடலலையும் பிறகு வந்தவை. முதலில் வந்தவன், கூடவே நடந்து வந்த ஒரு தோழன்.

சாடிரஸ் செய்தது என்ன? பிழையைச் சுட்டாமலே திருத்தினான். தோழன் 'இஸ்கூல்' என்றால், "நீ சென்ற ஸ்கூல் எது?" என்று அடுத்த வாக்கியத்திலே சரியான ஒலியை வைத்துக் கேட்டுவிட்டால் போதும். காது பிடித்துக்கொள்ளும், நாக்கு நாளை பின்தொடரும். ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கே கை நீட்டுபவன் பேச்சுத்துணை ஆகமாட்டான், சுங்கச்சாவடி ஆவான்! பொருளையே மாற்றிவிடும் பிழையென்றால், பேசி முடிக்கும் வரை காத்திருந்து, தனியே சொல்லலாம். பிறர் எதிரில் சொல்லாதிருப்பது நாகரிகத்துக்காக மட்டும் அன்று. பேசியவனின் மானம் அவனுக்கே உரியது, அதைச் செலவிட்டு நம் புலமையைக் காட்டிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

இங்கே இன்னொரு நோயையும் சொல்லிவிட வேண்டும். இருவரில் ஒருவனுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்துவிட்டால், அவன் குருவாகிவிடுகிறான், மற்றவன் சீடனாகிவிடுகிறான். நூற்றாண்டுகளாக ஊறிய பழக்கமல்லவா! ஆங்கிலத்தில் முன்னிலைக்கு 'யூ' என்ற ஒரே சொல்தான். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிக்கட்டு கிடையாது. தோட்டத் தொழிலாளியும் 'யூ', தலைமைப் பொறியாளரும் 'யூ'. பேச்சுத்துணைக்கு இதைவிடப் பொருத்தமான மொழி உண்டா என்று மகிழ்ந்தால், வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' என்று சேர்த்துக்கொள்கிறார்கள் நம்மவர்! குனிவதற்கு இடமே வைக்காத மொழியிலும் குனிவதற்கு ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டோம்.

இனி, சரளமாகப் பேசுகிறாரே, சிரித்தாரே அந்தப் பெரிய மனிதர், அவருடைய சரளம் எங்கிருந்து வந்தது? அறிவினாலா? உழைப்பினாலா? ஒரு பகுதி அப்படியும் இருக்கலாம். பெரும்பகுதி, தந்தை வைத்துவிட்டுப் போன சொத்து! பிறந்தது முதல் உணவு மேசையிலே ஆங்கிலம். தாய் பேச்சுத்துணை, தந்தை பேச்சுத்துணை, விருந்துக்கு வரும் மாமன் பேச்சுத்துணை. பதினைந்து ஆண்டுகள், கட்டணமின்றி! அந்த வீட்டிலும் குழந்தை பிழையாகத்தான் பேசிற்று. பிழையைக் கேட்டு வீட்டார் சிரித்துமிருப்பார்கள் - ஆனால் அள்ளி அணைத்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். அவனுக்கும் இவனுக்கும் அறிவிலே வேற்றுமை இல்லை; ஒருவன் பிழைகளை நான்கு வயதிலே மடியில் அமர்ந்து செய்து முடித்துவிட்டான், மற்றவன் இருபது வயதிலே நடுச்சாலையில் செய்யவேண்டியிருக்கிறது. பரம்பரைச் செல்வத்தைத் தன் தகுதி என்று பறைசாற்றுவதும், அது இல்லாதவனைத் தகுதியற்றவன் என்று தள்ளுவதும் நமக்குப் புதிய கதையா? பிறப்பினாலே உயர்வு என்று பேசிய வாய், இன்று உச்சரிப்பினாலே உயர்வு என்று பேசுகிறது!

பள்ளிக்கூடம் இந்தக் குறையை ஈடுசெய்திருக்க வேண்டும். செய்ததா? ஆண்டுக்கணக்கில் ஆங்கிலப் பாடம் நடக்கிறது. பிள்ளைகள் மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். கண்ணும் கையும் கற்கின்றன. காதும் நாவும் பட்டினி. வள்ளுவர் அவையஞ்சாமைக்கென்றே தனி அதிகாரம் வைத்தார். கற்றும் அவைக்கு அஞ்சுபவனின் கல்வி என்ன பயன் தரும் என்று கவலைப்பட்டார். நாம் அந்த அதிகாரத்தையும் மனப்பாடப் பகுதியாக்கி, எழுதச் சொல்லி, மதிப்பெண் போட்டுவிட்டோம்! 1998 முதல் நெய்வேலியிலே நடந்துவரும் புத்தகக் கண்காட்சிகளில் கூட்டம் மொய்ப்பதைக் கண்டால் உள்ளம் பூரிக்கும். முப்பதே நாளில் ஆங்கிலம் பேசலாம் என்று உறுதி கூறும் நூல்களுக்கும் நம் நாட்டில் குறைவில்லை. அந்நூல்களிலும் உரையாடல்கள் உண்டு. 'அ' கேட்பார், 'ஆ' விடை சொல்வார். வாங்கிச் சென்ற பிள்ளையின் வீட்டிலே 'அ' இருக்கிறான், 'ஆ' எங்கே?

நெய்வேலிக்கே திரும்புவோம். முதல் அனல் மின்நிலையம் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்தது. மண்ணை வாரியெடுக்கும் மாபெரும் சக்கரப் பொறிகள் மேற்கு செர்மனியிலிருந்து வந்தன. ரஷ்யருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று, செர்மானியருக்கும் அன்று, கொதிகலன் அருகே நின்ற தமிழனுக்கும் அன்று. அங்கே அரைகுறை ஆங்கிலம் பேசப்பட்டிருந்தால், அதைக் கேட்டுச் சிரிக்கும் உரிமை எவருக்கு இருந்தது? மொழிக்கு உரிமையாளர் என்று மார்தட்டுபவர் ஒருவரும் இல்லாத இடத்திலே, சொல் எட்டாத தொலைவைக் கை காட்டிற்று, வரைபடம் காட்டிற்று. வால்வைத் திறக்க வேண்டும் என்பது விளங்கினால் போதும்; வினைமுற்று எந்தக் காலத்தில் நின்றது என்று எவன் பார்த்தான்? அந்த மின்நிலையம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்து, 2020-இல் ஓய்வு பெற்றது. தமிழ்நாட்டு வீடுகளில் அது ஏற்றிவைத்த விளக்குகள், இலக்கணப் பிழைக்காக ஒரு நாளும் மங்கியதில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மை. மாலையில் மரநிழலில் நடக்கும் அந்த இருவரும் ஆண்பிள்ளைகள்! அவனுடைய தங்கையும் அதே தேர்வைத்தான் எழுதப் போகிறாள். அவனைவிட மேலான மதிப்பெண்ணும் பெற்றிருப்பாள். அவள் யாரோடு பேசிப் பழகுவாள்? தெருவிலே தோழியோடு நின்று ஆங்கிலத்தில் பேசினால் "திமிர்" என்பார்கள். வேலை முடிந்த ஆணொருவனோடு பேசிப் பழகினால், என்ன பேசினாள் என்று எவரும் கேட்கமாட்டார்கள், யாரோடு பேசினாள் என்றே கேட்பார்கள். அண்ணன் சாலையிலிருந்து திரும்பி வந்து, "சோறு போடு" என்று தமிழிலே கட்டளையிடுகிறான். அரைமணி நேரம் அவளோடும் அமர்ந்து பேசலாமே என்று அவனுக்குத் தோன்றுவதில்லை! சமத்துவத்தைத் தெருவிலே பயின்று, வாயிற்படியிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வருகிறான்.

இப்போது பொறியும் பேசுகிறது. கைப்பேசியை எடுத்து ஆங்கிலத்தில் பேசினால் அது மறுமொழி கூறுகிறது, திருத்துகிறது, நள்ளிரவிலும் சலிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிரிப்பதில்லை. அந்தத் தங்கைக்கு அது பெருந்துணை, பழிக்க மாட்டேன். அறிவியல் தந்த வசதியை ஐயத்தோடு மட்டுமே பார்ப்பது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. எனினும், சிரிக்கவே இயலாத ஒன்றின் முன்னே அச்சமின்றிப் பேசுவது, கடலலையின் முன்னே பேசுவதைப் போன்றது. தொண்டை திறக்கும், அதற்கு மேல்? சிரிக்கக்கூடிய ஒருவன், சிரிக்காமல் இருக்கிறானே - அவன் எதிரில் பேசும்போதுதான் மனிதரை நம்பிப் பேசும் துணிவு வருகிறது. மேசைக்கு அப்பால் இருக்கப்போவது மனிதர்தாமே!

அந்த இருவரில் ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலோ சென்னையிலோ பெரிய நிறுவனம்; கழுத்திலே அடையாள அட்டை; நாவிலே ஆங்கிலம் நடமாடுகிறது. பொங்கலுக்கு ஊர் வருகிறான். பழைய தோழன், இன்னும் ஒப்பந்தக் கூலியாகவே இருப்பவன், ஆவலோடு அருகில் வந்து, அதே பழைய உடன்பாட்டை நம்பி, இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசுகிறான். இரண்டாம் வாக்கியத்திலே ஒரு பிழை. வந்தவன் சிரித்துவிடவில்லை, அந்த அளவுக்குப் பண்பு இருக்கிறது. முதுகிலே தட்டி, "தமிழிலேயே சொல்லுடா" என்கிறான்.